கார்டன் ரீச்சில் பிறந்த நிழற்படக் கலைச்செல்வி

கார்டன் ரீச் என்றதும் நம் காலனி அன்பர்களுக்குத் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகமே நினைவுக்கு வரும். சோற்றுப் பாத்திரமும் குடையுமாக நாள்தோறும் நாம் சென்று மீளும் அவ்விடம், இந்நாட்டில் ரயில் ஓடத் தொடங்கிய 1853ஆம் ஆண்டிற்கு வெகு காலம் முன்னரே புகழ் பெற்றிருந்த இடமாகும். கும்பெனி உத்தியோகத்தில் பெரும் பொருள் ஈட்டிய ஆங்கிலேயர்கள் ஹூக்ளி நதியின் கரையோரமாக அங்கே தோட்ட மாளிகைகள் அமைத்து வாழ்ந்தனர். அத்தகைய குடும்பம் ஒன்றில் 1815ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் நாள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பிற்காலத்தில் மனித முகத்தை நிழற்படமாக்கும் கலையில் உலகுக்கு வழிகாட்டியாக விளங்கிய ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார்.

சங்கத்தின் ஆண்டு மலரில் வழக்கமாகப் புலவர் பெருமக்களையும் சமயப் பெரியார்களையும் பற்றிய கட்டுரைகளே இடம் பெறும். ஆங்கிலேய மாது ஒருவரின் வரலாறு இங்கே எதற்கு என்று அன்பர் சிலர் எண்ணக்கூடும். அம்மையாரின் வாழ்க்கை நாம் வேலை செய்யும் ஊரிலே தொடங்கி, நம் தமிழ் மக்கள் வியர்வை சிந்திய மலைத் தோட்டத்திலே முடிவுற்றது என்பதே நமது மறுமொழி. மெட்ரிக் படிப்போடு நின்றுவிட்ட நமக்கு ஓவியக் கலையின் நுணுக்கம் ஏதும் தெரியாது. ஆயினும் அடையாள அட்டை, மருத்துவ அட்டை என்று இருபது ஆண்டுகளாகப் பிறர் முகங்களைக் காகிதத்தில் ஒட்டி முத்திரை குத்தி வந்திருக்கிறோம். ஆயிரம் முகங்களைக் கண்ட பின்னும் ஒருவருடைய முகத்தையேனும் நாம் உற்றுப் பார்த்ததுண்டா என்ற ஐயம், அம்மையாரின் படங்களை ஒரு நூலில் முதன்முதலாகக் கண்ட அன்று நமக்கு எழுந்தது. இக்கட்டுரைக்கு அதுவே காரணம்.

ஈண்டு ஒன்று கூறிவிடுதல் நலம். கேமரன் அம்மையாரின் பெயராலேதான் காமிராவுக்கு அப்பெயர் வந்தது என்று நம் காலனி இளைஞர் ஒருவர் வாதிட்டார். அது தவறு. காமிரா என்பது அறை எனப் பொருள்படும் இலத்தீன் சொல். கேமரன் என்பதோ அவர் கணவரின் ஸ்காத்லாந்துக் குடிப்பெயர். இரண்டும் ஒலியால் நெருங்கி நிற்பது தற்செயலே.

அம்மையாரின் தந்தையார் ஜேம்ஸ் பாட்டில், வங்காளத்தில் கும்பெனி அரசின் உயர்ந்த உத்தியோகத்தில் இருந்தவர். தாயார் அடலைன் பிரெஞ்சு இனத்தவர். அவரைப் பெற்ற அன்னையார் புதுச்சேரியில் மணம் புரிந்துகொண்டவர். ஆகவே அம்மையாரின் குடும்ப வரலாற்றில் தமிழ்க் கடற்கரைக்கும் ஓரளவு பங்குண்டு. இளமையில் பாட்டியாரிடம் பிரான்சு தேசத்தில் வளர்ந்து கல்வி பயின்ற ஜூலியா, 1834இல் கல்கத்தாவுக்குத் திரும்பினார். உடல்நலம் குன்றியதால் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்று தங்கினார். அக்காலத்தில் இந்தியாவில் நோயுற்ற ஆங்கிலேயர்கள் இளைப்பாறுவதற்கு அங்குச் செல்வது வழக்கம்.

அங்கே அவர் சந்தித்த இருவர் அவருடைய வாழ்க்கையின் போக்கையே நிர்ணயித்தனர். ஒருவர் சர் ஜான் ஹெர்ஷல். தென்திசை வானத்து விண்மீன்களைக் கணக்கெடுப்பதற்காக அங்கு வந்திருந்த பெரும் வானநூல் அறிஞர். வெள்ளி உப்புகளைக் கரைக்கும் ஆற்றல் ஹைப்போ என்னும் உப்புக்கு உண்டு என்பதை 1819இலேயே கண்டறிந்தவர் அவர். நிழற்படம் ஒளி பட்டுக் கறுத்துப் போகாமல் நிலைத்து நிற்பது அந்தக் கண்டுபிடிப்பினாலேயே. மற்றொருவர் சார்லஸ் ஹே கேமரன் என்னும் சட்ட அறிஞர். ஜூலியாவைவிட இருபது ஆண்டு மூத்தவர். மெக்காலேயுடன் சட்டக் கமிஷனில் அமர்ந்து, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் நகலை உருவாக்கியதில் பங்கு கொண்டவர். அதற்கு முன்பே, 1830ஆம் ஆண்டளவில், இலங்கைக்கு அனுப்பப்பட்ட அரச விசாரணைக் குழுவில் இருந்து அந்நாட்டு நீதிமன்ற அமைப்பைச் சீர்திருத்தியவர். கோல்புரூக்–கேமரன் சீர்திருத்தம் என்று இலங்கைப் பள்ளிப் பிள்ளைகள் பாடமாகப் படிப்பது அதனையே. இவரை ஜூலியா 1838இல் கல்கத்தாவில் மணந்தார்.

சார்லஸ் கேமரன் கவர்னர் ஜெனரலின் ஆலோசனைச் சபையில் சட்ட உறுப்பினராக உயர்ந்து 1848இல் ஓய்வு பெற்றார். குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றது. கணவருக்கு இலங்கையின் மீது தீராத பற்று. தம் கைப்பொருளில் பெரும் பகுதியை அந்நாட்டுக் காப்பித் தோட்டங்களில் முடக்கியிருந்தார். 1860இல் அம்மையார் வைட் தீவில் ஃபிரெஷ்வாட்டர் என்னும் கடலோர ஊரில், மகாகவி டென்னிசனின் இல்லத்திற்கு அருகே இரண்டு வீடுகளை வாங்கி ஒன்றாக இணைத்துக் குடியேறினார். அவ்வீட்டுக்கு டிம்போலா என்று இலங்கைத் தோட்டத்தின் பெயரையே சூட்டினர். ஆங்கிலத் தீவின் குளிர்காற்றிலே ஓர் இலங்கைப் பெயர்! சொந்த ஊர்ப் பெயரை வாசற்பலகையில் எழுதிக்கொள்ளும் நம் காலனிவாசிகளுக்கு அம்மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

1863ஆம் ஆண்டு டிசம்பரில் கணவர் தோட்டங்களைப் பார்வையிட இலங்கைக்குச் சென்றிருந்தார். பிள்ளைகளும் வளர்ந்துவிட்டனர். தாயாரின் தனிமையைப் போக்கக் கருதி, மணமாகித் தனி இல்லம் கண்ட மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாக அளித்தனர். அப்பொழுது அம்மையாருக்கு வயது 48. நம் குடும்பங்களிலே அந்த வயதில் ஒரு பெண்மணி புதுத் தொழில் ஒன்றைக் கற்கப் புகுந்தால் வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அக்காலத்து நிழற்படத் தொழில் இன்று கைப்பேசியில் விரல் நுனியால் தட்டுவது போன்றதன்று. கண்ணாடித் தகட்டைத் துடைத்து, கொலோடியன் என்னும் பிசின் போன்ற திரவத்தை அதன் மீது ஒரே சீராகப் பரவும்படி ஊற்ற வேண்டும். பிறகு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அமிழ்த்தி எடுக்க வேண்டும். ஈரம் உலரும் முன்பே அதைக் காமிராவில் பொருத்திப் படமெடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடி மருந்து ஊற்றி உருவத்தை வெளிக்கொணர வேண்டும். உருவம் நிலைக்கச் சயனைடு போன்ற கொடிய நஞ்சைக் கையாள வேண்டும். அதன் பின்னர் வார்னிஷ் பூசி, முட்டை வெண்கரு தடவிய காகிதத்தின் மீது தகட்டை வைத்து வெயிலில் காய்ச்சிப் பிரதி எடுக்க வேண்டும். ஒரு மயிரிழை தூசு விழுந்தாலும் ஒரு நாள் உழைப்பு வீணாகும். வெள்ளி மருந்தின் கறை கையிலும் துணியிலும் படிந்தால் எளிதில் போகாது. பெரிய இடத்து மாதாகிய அம்மையார் கறுத்த விரல்களோடும் கறை படிந்த ஆடையோடும் விருந்தினர் முன் வந்து நிற்பார் என்று அவரை அறிந்தோர் எழுதி வைத்துள்ளனர்.

நிலக்கரி போட்டு வைக்கும் அறை இருட்டறையாயிற்று. கோழிகளை வெளியேற்றிவிட்டுக் கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடம் படமெடுக்கும் கூடமாயிற்று. கற்றுக் கொடுக்க ஆசான் இல்லை. முதலில் எடுத்த படத்தை, ஈரத் தகட்டின் மீது கையை வைத்துத் தாமே அழித்துவிட்டார். 1864 ஜனவரியில் ஒரு சிறுமியை அமர்த்தி எடுத்த படம் செம்மையாக அமைந்தது. மகிழ்ச்சி தாளாமல் அன்றே பிரதி எடுத்து, சட்டமிட்டு, அச்சிறுமியின் தந்தையிடம் சேர்ப்பித்தார். தமது முதல் வெற்றி என்று குறித்து, ஆனி என்னும் அச்சிறுமியின் பெயரையும் அப்படத்திற்கே இட்டு வைத்தார். அந்தப் பெயரை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அதன் பின்னர் அவர் ஓயவில்லை. கவிஞர், ஓவியர், விஞ்ஞானி என்று ஃபிரெஷ்வாட்டருக்கு வந்தவர் எவரையும் விட்டு வைக்கவில்லை. டென்னிசன், பிரௌனிங், கார்லைல், வாட்ஸ், அமெரிக்கக் கவி லாங்ஃபெலோ எனப் பலரும் அவருடைய காமிரா முன் அமர்ந்தனர். பரிணாமக் கொள்கை கண்ட டார்வின் 1868 கோடையில் குடும்பத்துடன் அவ்வூரில் அம்மையாரின் வீட்டையே வாடகைக்கு எடுத்துத் தங்கியபோது அவரையும் படமெடுத்தார். தம்மை எடுத்த படங்கள் யாவற்றிலும் அதுவே தமக்கு மிகவும் பிடித்தது என்று டார்வின் பின்னர் தெரிவித்தார். 1865இல் எடுத்த படத்தில் கலைந்த தாடியுடன் காட்சி தரும் டென்னிசனோ, தாம் ஓர் அழுக்குத் துறவி போல் இருப்பதாகக் கேலி செய்தபோதிலும் அப்படத்தை விரும்பினார்.

அம்மையாரின் முறையில் என்ன புதுமை? அக்காலத்துத் தொழில்முறைப் படக்காரர்கள் மனிதரைத் தலை முதல் கால் வரை நிறுத்தி, பக்கத்தில் ஒரு தூணும் பின்னால் திரைச்சீலையும் வைத்து, சட்டைப் பொத்தான்கள் ஒன்றுவிடாமல் தெரியும்படி எடுத்தனர். தலை அசையாதிருக்கப் பின்னால் ஓர் இரும்புக் கவட்டை வேறு இருக்கும். அம்மையார் தூணையும் திரையையும் நீக்கிவிட்டார். காமிராவை முகத்தின் அருகே கொண்டு சென்றார். கரிய துணியைப் போர்த்தி உடையை மறைத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழச் செய்தார். பெரிய தகடுகளையே அவர் விரும்பினார்; 1866 முதல் 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்ட தகட்டைப் பயன்படுத்தினார். அதில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். அவ்வளவு நேரம் அமர்ந்திருப்பவர் மூச்சு விடாமலா இருப்பார்? சிறிதே அசைவார். அந்த அசைவும் படத்தில் பதிந்தது. காமிராக் கண்ணாடியைத் திருகி உருவத்தைக் கூர்மையாக்கும்போது, எந்த நிலையில் தம் மனத்துக்கு அழகாகத் தோன்றியதோ அந்த நிலையிலேயே நிறுத்திவிடுவார். இதனால் கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் அமைந்தன. கல்லில் செதுக்கியது போல் இல்லாமல் உயிருள்ள முகம் இருளிலிருந்து மெல்ல வெளிவருவது போன்ற தோற்றம் உண்டாயிற்று.

தொழில்முறைப் படக்காரர்கள் இதைப் பொறுப்பார்களா? 1865இல் அவர்களுடைய சங்கத்துப் பத்திரிகை, இது ஒழுங்கற்ற வேலை, மங்கலும் கறையும் நிறைந்தது, தொழில் தெரியாதவரின் கைவேலை என்று கண்டித்தது. கண்டனத்தில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். சில படங்களில் விரல் அடையாளமும் கீறலும் இன்றும் தெரிகின்றன. அவற்றைத் திருத்த அவர் அக்கறை கொள்ளவில்லை. எனினும் அதே 1865இல் லண்டன் சவுத் கென்சிங்டன் மியூசியம் அவருடைய படங்களை விலைக்கு வாங்கிக் காட்சிக்கு வைத்தது. இன்று அது விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் என்று வழங்குகிறது. 1868இல் படமெடுப்பதற்கென அங்கேயே இரண்டு அறைகளையும் ஒதுக்கித் தந்தது. அவர் கணக்கிலும் கெட்டிக்காரர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை முறைப்படி பதிவு செய்து உரிமை பெற்றிருந்தார்.

ஹெர்ஷலின் படத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1867இல் முதுமையடைந்திருந்த அந்த அறிஞரின் இல்லத்திற்கே கண்ணாடித் தகடுகளையும் மருந்துகளையும் சுமந்து சென்றார் அம்மையார். நன்னம்பிக்கை முனையில் தொடங்கிய நட்பு முப்பது ஆண்டுகளைக் கடந்திருந்தது. அவருடைய வெண்ணிற முடியைக் கழுவிக் கலைத்துவிடச் செய்து, தோளில் கரிய துணியைப் போர்த்தி அமர்த்தினார். அப்படத்தில் இருளைத் தவிரப் பின்னணி எதுவுமில்லை. சிதறிய வெண்முடி சுற்றிலும் ஒளிர, வானத்தையே நோக்கிப் பழகிய இரு கண்கள் நம்மை நோக்குகின்றன. முகத்தின் சுருக்கம் ஒவ்வொன்றையும் காண்கிறோம். நம் வீடுகளிலே மாட்டியிருக்கும் பாட்டனார் படங்களை நினைத்துப் பார்க்கிறோம். இறந்த பிறகு ஏதோ ஒரு கலியாணக் கூட்டப் படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, சுருக்கங்களைத் தீட்டி மறைத்து, போட்டிராத கோட்டையும் போட்டுக் கொடுப்பார் ஸ்டூடியோக்காரர். நம் பாட்டியாருக்கு அவ்வாறு எடுத்த படம் ஒன்று உண்டு. அது யாருடைய படம் என்று அவர் பெற்ற மகளே ஒரு கணம் தயங்கிக் கேட்டார். முதுமையை மறைக்காமலே ஒருவரைப் பெருமைப்படுத்த முடியும் என்பதை ஹெர்ஷலின் படத்தைக் கண்டே நாம் உணர்ந்தோம்.

புராணக் காட்சிகளையும் காவியக் காட்சிகளையும் வேடமிட்டு எடுத்த படங்கள் பலவுண்டு. டென்னிசனின் ஆர்தர் மன்னன் காவியத்திற்கென 1874, 1875ஆம் ஆண்டுகளில் எடுத்தவையும் அவற்றில் அடங்கும். அவற்றை அறிஞர்கள் புகழ்கின்றனர். நமக்கோ அவை நம் ஆண்டு விழா நாடகத்தில் அட்டைக் கிரீடம் தரித்து நிற்கும் அக்கவுண்ட்ஸ் பிரிவு அரசர்களையே நினைவூட்டுகின்றன. அவற்றை இங்ஙனம் கடந்து செல்வதை அறிந்தோர் பொறுத்தருள்க.

பெரியோரை மட்டுமே அவர் படமெடுத்தார் என்று எண்ணலாகாது. வீட்டுப் பணிப்பெண்களே அவருடைய பல படங்களில் அன்னை மரியாளாகவும் தேவதைகளாகவும் அமர்ந்தனர். அவர்களுள் மேரி ஹில்லியர் என்பவரின் முகத்தை ஃபிரெஷ்வாட்டர் முழுதும் அறியும். மேரி ரையான் என்பவரின் கதையோ நாவலில் படித்தால் நம்ப முடியாதது. அவர் ஓர் அயர்லாந்துப் பிச்சைக்காரியின் மகள். லண்டனுக்கு அருகே திறந்தவெளி ஒன்றில் தாயும் மகளும் இரந்து நின்றதைக் கண்ட அம்மையார், சிறுமியை வீட்டுக்கு அழைத்து வந்து எழுத்தறிவித்து வளர்த்தார். வீட்டு வேலையும் அவருக்குண்டு, காமிரா முன் அமரும் வேலையும் உண்டு. லண்டனில் நடந்த கண்காட்சியில் மேரியைக் கண்ட ஓர் இளைஞர் மனத்தைப் பறிகொடுத்து, பின்னர் வந்து முறைப்படி பெண் கேட்டு, 1867இல் மணந்து இந்தியாவுக்கு அழைத்து வந்தார்.

அந்த இளைஞர் ஹென்றி காட்டன். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் கும்பகோணமே! 1845இல் அங்கே பிறந்த அவர், இந்திய சிவில் சர்வீசில் சேர்ந்து வங்காளத்தில் பணியாற்றி, 1896 முதல் 1902 வரை அஸ்ஸாம் மாகாணத்தின் தலைமைக் கமிஷனராக இருந்தார். தேயிலைத் தோட்டக் கூலிகளின் ஊதியத்தை உயர்த்த வேண்டும் என்று வாதாடித் தோட்ட முதலாளிகளின் கடும் பகையைத் தேடிக்கொண்டார். 1904இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மகாசபைக்கு அவரே தலைமை வகித்தார். அப்பெருமகனாரின் இல்லத்தரசியாக விளங்கியவரே அன்று பிச்சையெடுத்து நின்ற சிறுமி. அவருடைய முகமும் பெயரும் படங்களோடு இன்றும் வாழ்கின்றன.

ரயில்வே ஊழியர்களாகிய நம்மை மகிழ்விக்கும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. இலங்கையில் நான்கு ஆண்டுகள் இருந்து திரும்பிய மகனை அம்மையார் 1871 நவம்பர் 11ஆம் நாள் பிராக்கன்ஹர்ஸ்ட் என்னும் ரயில் நிலையத்தில் சந்தித்தார். அந்த மகிழ்ச்சியின் நினைவாக, தாம் எடுத்த பெரியோர்களின் படங்களைச் சட்டமிட்டு அந்நிலையத்தின் பயணிகள் தங்கும் அறைக்கே காணிக்கையாக வழங்கினார். வண்டிக்குக் காத்திருக்கும் எளிய பயணி டார்வினையும் டென்னிசனையும் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பார். நம் நாட்டு நிலையங்களில் எத்தனை தாய்மார்கள் எத்தனை மகன்களை எதிர்கொண்டிருப்பார்கள்! அவ்விடத்துக்கு நன்றி செலுத்த வேண்டும் என்று தோன்றிய தாய் இவர் ஒருவரே போலும்.

இதற்கிடையே இலங்கையில் பேரிடர் மூண்டிருந்தது. 1869இல் காப்பிச் செடியின் இலைகளில் ஒருவகைத் துரு நோய் காணப்பட்டது. அது தோட்டந்தோறும் பரவிக் காலப்போக்கில் அந்நாட்டுக் காப்பிப் பயிரையே அழித்துவிட்டது. அதன் பின்னரே இலங்கையின் மலைகளில் தேயிலை பரவியது. கேமரன் குடும்பத்தின் வருமானமும் குறைந்தது. இங்கிலாந்தில் வாழும் செலவைத் தாங்க முடியாமல் 1875இல் வயோதிகத் தம்பதிகள் இலங்கைக்குப் புறப்பட்டனர். கடைசிப் பயணம் என்பதை உணர்ந்தே போலும், தங்களுக்கென இரண்டு சவப்பெட்டிகளையும் உடன் எடுத்துச் சென்றனர். அவை வெறுமனே செல்ல வேண்டாமென்று வீட்டுப் பாத்திரங்களை அவற்றில் அடுக்கினர். துறைமுகத்தில் சுமை தூக்கிய போர்ட்டர்களுக்குக் கொடுக்கச் சில்லறை இல்லாமல், அம்மையார் தம் நிழற்படங்களையே கூலியாக அளித்தார் என்பர். அப்படங்களில் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால் ஒரு போர்ட்டரின் பேரப்பிள்ளைகள் வீடு கட்டிக்கொள்ளலாம்.

இலங்கையில் களுத்துறையிலும் பிறகு மலைநாட்டிலும் வாழ்ந்தார். படமெடுக்கும் ஆர்வம் அங்கும் தணியவில்லை. மலர்களை ஓவியமாகத் தீட்டும் பொருட்டு உலகம் சுற்றிய மேரியான் நார்த் என்ற அம்மையார் 1877இல் களுத்துறைக்கு வந்தபோது அவரையும் பிடித்து உட்கார வைத்துப் படமெடுத்தார். அவ்வூர் மனிதன் ஒருவனின் முதுகு சிற்பம் போல அழகாக இருந்ததாம். அதைப் படமெடுக்க வேண்டும் என்பதற்காகவே அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனை அம்மையார் வற்புறுத்தினார் என்றும், அவ்வீட்டில் தோட்டமே இல்லை என்றும் நார்த் அம்மையார் நகைச்சுவையாக எழுதியுள்ளார்.

அக்காலத்து இலங்கை மலைத் தோட்டங்களில் உழைத்தவர் யார்? திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் விரட்டப்பட்டுக் கங்காணியின் பின்னால் சென்ற நம் மக்களே. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் பாதையிலேயே மாண்டனர். கேமரன் குடும்பத்தைப் போன்ற முதலாளிகளின் காப்பி வருமானம் அவர்களுடைய முதுகின் மீது நின்றது. ஃபிரெஷ்வாட்டரில் கண்ணாடித் தகடும் வெள்ளி மருந்தும் வாங்கிய பணத்திலும் அதன் பங்கு உண்டு என்று நாம் கணக்கெழுதினால் அது பிழையாகாது. அம்மையாரின் கலையை மதிக்கும் நாம் இதைச் சொல்லாமல் விட்டால் கணக்கைப் பாதியில் மூடியவர்கள் ஆவோம்.

இலங்கையில் அவர் எடுத்த படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவே. தோட்டங்களிலும் வீட்டிலும் வேலை செய்த எளிய மக்களே அவற்றில் பெரும்பாலும் காட்சி தருகின்றனர். ஹெர்ஷலுக்குக் காட்டிய அதே மரியாதை அவர்களுக்கும் ஒளியிலும் நிழலிலும் கிடைத்திருக்கிறது. இகழ்ச்சியோ வேடிக்கையோ அவற்றில் இல்லை. அந்தக் காலத்தில் வேறு வெள்ளைக்காரப் படக்காரர்கள் இந்நாட்டு மக்களை வரிசையில் நிறுத்தி, மாதிரிச் சரக்கைப் போலப் படமெடுத்து விற்றதை நினைத்தால் அம்மையாரின் கண் உயர்ந்ததே.

ஆயினும் அப்படங்களின் தலைப்புகளைப் படிக்கும்போது மனம் சற்றே நின்றுவிடுகிறது. இலங்கைப் பெண், உழவர் கூட்டம் என்று பொதுச் சொற்களே உள்ளன. ஆனி என்னும் சிறுமிக்குப் பெயர் இருந்தது. பணிப்பெண் மேரிக்கும், இரந்து நின்ற இன்னொரு மேரிக்கும் பெயர் இருந்தது. மலைத் தோட்டத்துப் பெண்ணுக்கும் அவளைப் பெற்றவர் இட்ட பெயர் ஒன்று இருந்திருக்குமன்றோ? காலையில் பிரட்டுக்களத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட்ட பின்னரே அவளை மலைக்கு அனுப்பியிருப்பார்கள். கூலிக் கணக்கில் பெயர் விடுபட்டால் அன்றைய காசு இல்லை. மஸ்டர் ரோல் எழுதிப் பழகிய நமக்கு அது தெரியும். கணக்கப்பிள்ளை தவறாமல் எழுதிய பெயரைக் கலைச்செல்வி எழுதாமல் விட்டார்.

1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் மகனுடைய தோட்டத்து வீட்டில் அம்மையார் காலமானார். வயது 63. மறு ஆண்டில் கணவரும் மறைந்தார். இருவரும் பொகவந்தலாவையில் தேயிலை மலைகளுக்கு நடுவேயுள்ள சிறிய மாதா கோவிலின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டனர்.

அவருடைய புகழ் சிறிது காலம் மங்கியிருந்தது. 1913இல் அமெரிக்க நிழற்பட மேதை ஸ்டீக்லிட்ஸ் தமது பத்திரிகையில் அவர் படங்களை வெளியிட்டார். அம்மையாரின் தங்கை மகளான ஜூலியா ஜாக்சனை அவர் பலமுறை படமெடுத்திருந்தார். அந்த ஜூலியாவின் மகளே பிற்காலத்தில் நாவலாசிரியராகப் பெயர் பெற்ற வர்ஜீனியா வூல்ஃப். 1926இல் வூல்ஃப் அம்மையார் இப்படங்களைத் தொகுத்து நூலாக்கிய பின் உலகம் மீண்டும் திரும்பிப் பார்த்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சிய ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட படங்களை அறிஞர்கள் தேடித் தொகுத்துப் பட்டியலிட்டு 2003இல் வெளியிட்டனர். ஃபிரெஷ்வாட்டர் வீடு நினைவில்லமாகியுள்ளது.

இலங்கைப் படங்களில் 1878இல் களுத்துறையில் எடுத்த ஒன்று உண்டு. இளம்பெண் ஒருத்தியும், முதியவர் ஒருவரும், உடன் இருப்பவரும் அதில் காணப்படுகின்றனர். அப்படத்தின் கீழ் அம்மையார் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். பெண்ணுக்கு வயது 12 என்றும், தாமே அவள் தந்தை என்று முதியவர் சொல்லுவதாகவும், தமக்கு வயது நூறு என்று அவர் கூறுவதாகவும் அக்குறிப்பு தெரிவிக்கிறது. கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறார்; வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார்.